யானை எது, தேர் எது: எல்லையோரச் சதுரங்க மன்றத்தில் 27 ஆண்டுகள்

கேரள–தமிழ்நாட்டு எல்லையில், பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் சாலையை ஒட்டிய எங்கள் ஊர் வாசகசாலையின் மாடியறையில் ஒரு சதுரங்க மன்றம் இயங்கி வருகிறது. 1998 ஜூன் மாதம், அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாத நிலையில், நான் அதில் உறுப்பினரானேன். அப்போது மாதச் சந்தா 5 ரூபாய். இப்போது 50 ரூபாய். "செல்போனிலேயே ஆடலாமே சார், பிள்ளையை எதற்காக மாடி ஏற்றி அனுப்ப வேண்டும்?" என்று பெற்றோர் அடிக்கடி கேட்கிறார்கள். வாசலில் நின்றபடி இரண்டு வரியில் சொல்லிவிடக் கூடிய பதில் அதற்கு இல்லாததால், நான் பயன்படுத்திய விதத்தையும், கிடைத்ததையும் கிடைக்காததையும் இங்கே எழுதுகிறேன்.

இடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். சித்தூர் வட்டம் பழைய கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. சுற்றிலும் மலபார் மாவட்டமும் கோயம்புத்தூர் மாவட்டமும் இருக்க, நடுவில் இது மட்டும் கொச்சி அரசரின் கீழ் இருந்தது. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கேரளத்தில் சேர்ந்தது. வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம், சந்தையில் இரண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கேரளத்தின் கள்ளுக்கடைகளுக்குப் போகும் கள்ளில் பெரும்பகுதி எங்கள் வட்டத்துத் தென்னந்தோப்புகளில் இறக்கப்படுவது. மன்றத்தின் பழைய உறுப்பினர்களில் கள் இறக்குபவர்கள், தறி ஓட்டியவர்கள், தபால் ஊழியர்கள், ஒரு தையற்காரர், இரண்டு ஆசிரியர்கள் இருந்தார்கள். வாசகசாலையின் கீழ்த்தளத்தில் மலையாளப் பத்திரிகைகளோடு கோயம்புத்தூர்ப் பதிப்புத் தமிழ் நாளிதழ்களும் வரும். மாடியில் எட்டுப் பலகைகள்.

மன்றம் எப்படித் தொடங்கியது என்பதை நான் மூத்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதற்கு முன்பே ஊரில் சதுரங்கம் இருந்தது. ஆனால் அது பழைய நாட்டு முறை. அந்த ஆட்டத்தில் சிப்பாய் முதல் நகர்வில் இரண்டு கட்டம் தாண்டாது, ஒரு கட்டம்தான் வைக்கும். கோட்டை கட்டுவது, அதாவது ராஜாவையும் மூலைக் காயையும் ஒரே நகர்வில் இடம் மாற்றி ராஜாவை ஒதுக்கி வைப்பது, கிடையாது. அதற்குப் பதிலாக ராஜா, ஷா (எதிரிக் காயின் நேரடித் தாக்கு) வாங்காமல் இருக்கும்வரை, ஒரே ஒரு முறை குதிரையைப் போலத் தாவலாம். எதிர்க்கரையை அடைந்த சிப்பாய் எல்லா நேரமும் ராணியாகிவிடாது. எந்த வரிசையில் போய்ச் சேர்ந்ததோ அந்த வரிசைக்குரிய காயாகத்தான் மாறும். 1955-இல் ஆந்திரத்தின் ஏலூரில் முதல் தேசியச் சதுரங்கப் போட்டி நடந்த பிறகும் தென்னிந்தியக் கிராமங்களில் பல ஆண்டுகள் இந்த முறையே ஆடப்பட்டது. கோயில் மண்டபத்துக் கல்தரையில் சுண்ணாம்பால் கட்டம் போட்டு ஆடியதை எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர் விவரித்திருக்கிறார். அவர் கடைசிவரை கோட்டை கட்டுவதை ஏற்றுக்கொள்ளவில்லை. "ராஜா ஓடி ஒளியலாமா? தாவித்தான் தப்பிக்கணும்" என்பார்.

சர்வதேச முறையைக் கொண்டுவந்தவர் கோயம்புத்தூர் ஆலை ஒன்றில் வேலை பார்த்துத் திரும்பிய எங்கள் ஊர்க்காரர். 1972-இல் ஐஸ்லாந்தின் ரெய்க்யவீக் நகரில் அமெரிக்காவின் ஃபிஷரும் சோவியத் நாட்டின் ஸ்பாஸ்கியும் மோதிய உலகப் பட்டப்போட்டியின் நகர்வுகள் பத்திரிகைகளில் வர, அவர் வாசகசாலைத் திண்ணையில் பலகையை விரித்து அவற்றை ஆடிக் காட்டினாராம். ஜூலையில் தொடங்கிய அந்தப் போட்டியில் செப்டம்பர் முதல் நாள் ஃபிஷர் 12.5 – 8.5 என்று வென்றபோது, திண்ணையில் நின்று பார்த்தவர்கள் பத்துப் பேருக்கு மேல் இருந்தார்கள். அவர்கள்தான் மன்றம். அதே 1972-இல்தான் சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் மானுவல் ஆரன் தால் சதுரங்க மன்றத்தைத் தொடங்கினார். 1961-இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் (கிராண்ட்மாஸ்டருக்கு அடுத்த நிலைப் பட்டம்) ஆனவர் ஆரன். மன்றத்துக்குப் பெயர் தந்த மிகாயில் தால் 1960-இல் உலக வாகையர் ஆனவர். விஸ்வநாதன் ஆனந்த் சிறுவனாக வந்து ஆடிப் பழகிய இடம் அது. அங்கே மின்னல்வேக ஆட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு: வென்றவர் நாற்காலியிலேயே இருப்பார், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். எங்கள் ஆலைத் தொழிலாளி உறவினரைப் பார்க்கச் சென்னை போனபோது இதைக் கண்டு வந்து மாடியில் நடைமுறைப்படுத்தினார். இன்றும் வெள்ளிக்கிழமை மாலைகளில் அப்படித்தான் ஆடுகிறோம். எட்டுப் பலகையில் இருபது பேர் காத்திருக்கும்போது தோற்றால் அரை மணி நேரம் நிற்க வேண்டும் என்ற நினைப்பே ஒருவரைக் கூர்மையாக்கிவிடுகிறது. எனக்கு அந்தக் கூர்மை வர மூன்று ஆண்டுகள் ஆயின.

தொடக்க மாதங்களில் எனக்குப் பெரும் தடையாக இருந்தது ஆட்டமே அல்ல, காய்களின் பெயர்தான். தமிழ்ப் பிள்ளைகளான நாங்கள் மூலையில் நிற்கும் காயை யானை என்று சொல்லிப் பழகியவர்கள். மலையாளத்தில் மூலையில் நிற்பது தேர். யானை என்பது குறுக்காகப் போகும் பிஷப். ராஜாவுக்குப் பக்கத்தில் நிற்பதை நாங்கள் ராணி என்போம், மலையாளத்தில் அது மந்திரி. எங்களில் சிலருக்கோ மந்திரி என்றால் பிஷப். சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். தபால் அலுவலகத்தில் வேலை பார்த்த மலையாளி நண்பர் ஒருவரோடு ஆடிக்கொண்டிருந்தேன். பலகையில் நெடுவரிசைகளுக்கு ஏ முதல் எச் வரையும், குறுக்கு வரிசைகளுக்கு 1 முதல் 8 வரையும் பெயர். என் பிஷப் எஃப்-4 கட்டத்தில் இருந்தது. அவர் சிப்பாயை ஈ-6-இலிருந்து ஈ-5-க்குத் தள்ளிவிட்டு, புதியவன் என்ற இரக்கத்தில், "மாஷே, ஆன போகும், ஆனய நோக்கு" என்றார். நான் உடனே ஏ-1 மூலையில் இருந்த என் யானையைப் பார்த்தேன். அதற்கு எந்த ஆபத்தும் தெரியவில்லை. அவருக்குத் தெரிவது எனக்குத் தெரியவில்லை போலும் என்று நினைத்து, மிகவும் யோசித்து, யானையை டி-1-க்கு நகர்த்தினேன். அவர் ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். பிறகு எஃப்-4-இல் இருந்த பிஷப்பை வெட்டி எடுத்து, வெட்டிய காயை என் கையில் வைத்து, "இதானு ஆன" என்றார். கடிகாரத்தை நிறுத்தினோம். அடுத்த ஞாயிறு அவர் பச்சை அட்டை ஒன்றில் ஆறு காய்களையும் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே தமிழ்ப் பெயர், மலையாளப் பெயர், குறிப்பெழுத்து மூன்றையும் எழுதிச் சுவரில் மாட்டினார். அட்டை இருமுறை மாற்றி எழுதப்பட்டுவிட்டது. மூன்றாவது அட்டை என் கையெழுத்து.

பொருட்களைப் பற்றி விரிவாகச் சொல்லலாம், ஏனென்றால் புதிதாக மன்றம் தொடங்க நினைப்பவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். நாங்கள் பார்த்த செட்டுகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். ஒன்று அமிர்தசரஸ் பக்கத்தில் கடைந்து வரும் மரக்காய்கள். அழகானவை, கையில் எடுத்தால் மனம் நிறையும், ஆனால் குதிரையின் காது முதல் ஆண்டிலேயே உடைந்துவிடும். இரண்டாவது பொம்மைக் கடையில் கிடைக்கும் உள்ளீடற்ற பிளாஸ்டிக் காய்கள். எங்கள் ஊர் பாலக்காட்டுக் கணவாயின் வாயில் இருக்கிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்களுக்குப் பழமொழி மட்டும் அல்ல. ஜூன், ஜூலை மாதங்களில் மேற்குச் சன்னலைத் திறந்தால் பலகையில் ராஜா முதல் சிப்பாய் வரை படுத்துவிடும். சன்னலைச் சாத்தினால் புழுக்கம். முக்கியமான ஆட்டம் ஒன்றில் பதினான்கு காய்கள் ஒரே வீச்சில் விழுந்து, யார் எங்கே நின்றது என்று இருவரும் குறித்துவைத்த தாள்களைப் பார்த்து அடுக்கியதை நான் கண்டிருக்கிறேன். அதற்குப் பிறகு தையற்கார அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். சைக்கிள் கடையில் இரும்பு நட்டுகளை எடைக்கு வாங்கி, காயின் அடிப்பக்கக் குழிவில் வைத்து, உருக்கிய மெழுகை ஊற்றி நிரப்பி, மேலே பச்சைக் கம்பளித் துணியை வட்டமாக வெட்டி ஒட்டினார். அவர் ஒட்டிய நான்கு செட்டுகள் இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் நிற்கின்றன. மூன்றாவது வகை, எடை கூட்டிய போட்டித்தரக் காய்கள்: ராஜாவின் உயரம் 9.5 சென்டிமீட்டர், கட்டத்தின் அகலம் 5 முதல் 6 சென்டிமீட்டர். சுருட்டி வைக்கும் ரெக்சின் பலகையோடு இவற்றை வாங்கினால் போதும். மரப்பலகையில் பணத்தைப் போட வேண்டாம் என்பது என் கருத்து. மழைக்காலத்தில் அது வளைந்துவிடும். தொலைந்த காய்க்குப் பதில் கேரம் காயை வைக்கும் பழக்கத்தையும் தவிர்ப்பது நல்லது. சிப்பாய் இடத்தில் கேரம் காய் நின்றால் குழந்தைகள் அதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள்.

கடிகாரம் வேறு கதை. நான் சேர்ந்தபோது இரட்டை முகம் கொண்ட சாவி கொடுக்கும் கடிகாரங்கள் மூன்று இருந்தன. நேரம் முடியும்போது முள் ஒரு சிறு சிவப்புக் கொடியைத் தூக்கி, பன்னிரண்டைத் தாண்டியதும் கொடி விழும். மூன்றில் ஒன்று மணிக்கு இரண்டு நிமிடம் பின்தங்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். அது யாருக்கு வரும் என்பதற்குச் சீட்டுக் குலுக்கினோம். கொடி விழுந்ததா, விழவில்லையா என்பதில் எழுந்த சச்சரவுகளால் இரண்டு நண்பர்கள் ஓராண்டு பேசாமல் இருந்தார்கள். டிஜிட்டல் கடிகாரங்கள் வந்த பிறகு அந்தச் சச்சரவே இல்லை. ஒவ்வொரு நகர்வுக்கும் சில விநாடிகள் கூடுதலாகச் சேரும் ஏற்பாட்டை முதலில் காப்புரிமை பெற்றவர் பாபி ஃபிஷர் என்று தெரிந்தபோது, திண்ணையில் அவருடைய ஆட்டங்களைப் பார்த்த மூத்தவர்கள் மகிழ்ந்தார்கள். வென்ற நிலையில் இருந்தும் நேரம் போதாமல் தோற்கும் வயதானவர்களுக்கு அந்தக் கூடுதல் விநாடிகள் பெரிய நியாயம்.

ஆனால் இவ்வளவு காலம் நான் மாடிப்படி ஏறியதற்குக் காரணம் காயும் அல்ல, கடிகாரமும் அல்ல. மன்றத்தில் எழுதப்படாத ஒரு விதி உண்டு. நெடு ஆட்டம் முடிந்ததும் இருவரும் எழுந்துவிடக் கூடாது. காய்களைத் திரும்ப அடுக்கி, ஆட்டத்தை முதலிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும். அதில் தோற்றவர்தான் முதலில் பேச வேண்டும். வென்றவர், தோற்றவர் எந்த இடத்தில் தவறியதாகத் தானே நினைக்கிறார் என்பதைக் கேட்டு முடிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது. இந்த விதியை ஏற்படுத்தியவர் அந்த ஆலைத் தொழிலாளிதான் என்கிறார்கள்.

இதன் பலனை ஒரு சம்பவத்தின் மூலம் சொல்கிறேன். ஒரு நாளைக்கு மூன்று முறை தென்னை ஏறிக் கள் இறக்கும் அண்ணன் ஒருவர், மாலைக் கள்ளை இறக்கிவிட்டுக் குளித்து எட்டு மணிக்குத்தான் வருவார். பள்ளிப் படிப்பு நான்காம் வகுப்போடு நின்றவர். ஒரு முறை என் வகுப்பில் படித்த பத்து வயதுப் பையனிடம் தோற்றார். மாடியில் இருந்த எல்லாருடைய கண்ணும் அவர்மேல் இருந்தது. அவர் காய்ப்புக் காய்த்த விரல்களால் காய்களை மெதுவாக அடுக்கி, பதினேழாவது நகர்வில் நிறுத்தி, "வாத்தியாரே, இந்தக் குதிரையைப் பார்த்து நான் பயந்துட்டேன். அது ஒண்ணும் பண்ணாது. பயந்து சிப்பாயைத் தள்ளினேன், அங்கேயே ஓட்டை விழுந்துருச்சு. இவன் அதுக்கு அப்புறம் நாலு நகர்வு கழிச்சுத்தான் ஓட்டையைப் பார்த்தான்" என்றார். பையன் முகம் மாறியது. உண்மையில் அவன் அந்த ஓட்டையைப் பார்க்கவே இல்லை. தற்செயலாக அங்கே போய் விழுந்திருக்கிறான். அதை அவன் ஒப்புக்கொண்டான். அன்று இரவு அவர்கள் இருவரும் பதினேழாவது நகர்விலிருந்து மறுபடி மறுபடி ஆடினார்கள், வாசகசாலைப் பொறுப்பாளர் விளக்கை அணைக்கும்வரை. பையன் இப்போது பெங்களூரில் பொறியாளர். ஓணத்துக்கு ஊருக்கு வந்தால் நேரே அண்ணன் வீட்டுக்குத்தான் போகிறான். தோற்றதைப் பற்றிப் பேசும் முதல் உரிமையைத் தோற்றவருக்கே கொடுத்துவிட்டால் தோல்வியில் அவமானம் குறைந்து ஆர்வம் மிஞ்சுகிறது. வகுப்பறையிலும் இதைக் கையாண்டு பார்த்து நான் பலன் கண்டிருக்கிறேன். செல்போனில் ஆடும்போது தோற்றவுடன் அடுத்த ஆட்டத்துக்கான பொத்தான் முன்னால் வந்து நிற்கிறது. எந்திரம் தவறுகளைச் சிவப்பில் காட்டுகிறது என்பது உண்மை. பதினேழாவது நகர்வில் ஒரு மனிதர் பயந்தார் என்பதை அது காட்டாது.

பெரிய ஆட்டங்களின் வரலாறு எங்கள் மாடி வழியாகவும் போயிருக்கிறது. 1987 டிசம்பரில் கோயம்புத்தூரில் நடந்த சக்தி ஃபைனான்ஸ் சர்வதேசப் போட்டியில்தான் ஆனந்த், சதுரங்கத்தின் மிக உயர்ந்த பட்டமான கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கான கடைசித் தகுதியைப் பெற்றார். அந்த மாதம் அவருக்குப் பதினெட்டு வயது நிரம்பியது. அடுத்த ஆண்டு இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். எங்கள் மூத்தவர்கள் நால்வர் பேருந்து ஏறிப் போய்ப் பார்த்தார்கள். எதிராளி தலையைப் பிடித்துக்கொண்டு யோசிக்க, ஆனந்த் நகர்த்திவிட்டு எழுந்து மற்றப் பலகைகளைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்ததை அவர்கள் நூறு முறை சொல்லக் கேட்டிருக்கிறேன். 2022-இல் மாமல்லபுரத்தில், நாடுகளின் அணிகள் மோதும் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது நாங்களும் போனோம். இந்தியாவின் இரண்டாவது அணியில் முதல் பலகையில் சென்னைப் பையன் குகேஷ், இரண்டாவது பலகையில் திருச்சூர்ப் பையன் நிஹால் சரின். அணிக்கு வெண்கலம் கிடைத்தது. அந்த இரண்டு பலகைகளுக்கும் தனிநபர் தங்கம் கிடைத்தது. தமிழும் மலையாளமும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது, எங்கள் மாடியைப் பெரிதாக்கி அங்கே வைத்தாற்போல எனக்குத் தோன்றியது.

2024 டிசம்பர் 12 மாலை மன்றத்தில் ஒரே கூட்டம். சிங்கப்பூரில் குகேஷுக்கும் அப்போதைய உலக வாகையர் சீனாவின் திங் லிரெனுக்கும் இடையே உலகப் பட்டப்போட்டியின் பதினான்காவது, கடைசி ஆட்டம். ஒரு பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் செல்போனை இணைத்து வைத்திருந்தோம். ஐம்பத்தைந்தாவது நகர்வில் திங் தன் காயை எஃப்-2-இல் வைத்தார். "யானையை எஃப்-2-ல வெச்சுட்டாரு!" என்று தமிழ்ப் பையன் கத்த, "தேரு மாறிக்கோளும், ஆனயும் போகும்!" என்று பின்னால் இருந்து மலையாளக் குரல் வர, புதிதாக வந்திருந்த பெண் குழந்தை ஒருத்தி சுவரில் இருந்த பச்சை அட்டையைத் திரும்பிப் பார்த்தாள். தமிழில் யானை, மலையாளத்தில் தேர் எனப்படும் அந்தக் காய்கள் இரண்டு பக்கமும் வெட்டுப்பட, அடுத்ததாகக் குகேஷ் தன் பிஷப்பை டி-5-இல் நிறுத்தினார். திங்கின் பிஷப் ஏ-8 மூலையில் மாட்டிக்கொண்டிருந்ததால் அதுவும் வெட்டுப்பட்டே ஆக வேண்டும். மிஞ்சியது ராஜாவும் சிப்பாய்களும். அதில் குகேஷுக்கு ஒரு சிப்பாய் அதிகம். ஐம்பத்தெட்டாவது நகர்வோடு முடிந்தது. பதினெட்டு வயதில் உலக வாகையர். அன்று எங்களிடம் பட்டாசு இல்லை. கீழே இருந்த கடையில் எல்லாருக்கும் சாயா சொன்னோம். பிறகு வழக்கப்படி பலகையில் அடுக்கி, தோற்றவர் இடத்தில் ஒருவரை உட்கார வைத்து, எஃப்-2-க்குப் பதில் வேறு என்ன ஆடியிருக்கலாம் என்று ஒன்பதரை மணிவரை பார்த்தோம்.

குறைகளையும் மறைக்காமல் எழுத வேண்டும். மன்றம் மாலை ஆறரை முதல் ஒன்பது வரை என்று பல ஆண்டுகள் இருந்தது. அது வேலைக்குப் போகும் ஆண்களின் நேரம். என் வகுப்பில் நன்றாக ஆடிய ஒரு மாணவி ஆறாம் வகுப்பிலிருந்து வந்தாள். எட்டாம் வகுப்பில் இருட்டியபின் அனுப்ப முடியாது என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அப்போது நேரத்தை மாற்றலாமே என்று நான் கூட்டத்தில் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவளுடைய பெயர் இன்றும் பழைய பதிவேட்டில் இருக்கிறது, எதிரே சந்தாக் கட்டம் காலியாக. ஞாயிறு காலை பத்து மணி அமர்வு அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தொடங்கியது. இப்போது ஞாயிறுகளில் வரும் இருபத்தைந்து குழந்தைகளில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் பெண் குழந்தைகள். 2023-இல் வைஷாலி கிராண்ட்மாஸ்டர் தகுதியை எட்டி, தம்பி பிரக்ஞானந்தாவோடு சேர்ந்து உலகின் முதல் அக்கா-தம்பி கிராண்ட்மாஸ்டர்கள் ஆனபோது, இரண்டு அம்மாக்கள் தாங்களே வந்து சேர்க்கைப் படிவம் கேட்டார்கள். அவர்களில் ஒருவர் தாமும் சேர்ந்துவிட்டார்.

இன்னொரு குறை அண்மைக்காலத்தது. ஆட்டத்திறனை அளக்கும் சர்வதேசத் தரப்புள்ளி வாங்கிய பிள்ளைகளின் பெற்றோர் சிலர், ஆட்டம் முடிந்ததும் பிள்ளையைப் பயிற்சியாளரிடம் அழைத்துப் போய்விடுகிறார்கள்; எதிராளியோடு உட்கார்ந்து பிரித்துப் பார்க்க விடுவதில்லை. 2024 மார்ச்சில் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 2000-க்குக் கீழே இருந்த புள்ளிகளை ஒரே தடவையில் உயர்த்தியபோது, எங்கள் பையன் ஒருவனின் புள்ளி 1210-இலிருந்து 1526 ஆயிற்று. அவன் அந்த மாதம் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அவனுடைய அப்பா மகிழ்ந்தார், பையன் என்னிடம் வந்து, "நான் அதே ஆட்டம்தானே சார் ஆடுறேன்?" என்று கேட்டான். அந்தக் கேள்வி அவனுக்கு வந்ததே எனக்குப் போதும். வெளியூர்ப் போட்டிகளைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை: நுழைவுக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு, மின்விசிறி இல்லாத மண்டபத்தில் நூறு குழந்தைகளை உட்கார வைத்து, அறிவித்த பரிசைத் தராமல் போன ஏற்பாட்டாளர் ஒருவரிடம் எங்கள் பிள்ளைகள் ஆறு பேர் ஏமாந்தார்கள். அதிலிருந்து மாநிலச் சங்கத்தின் அனுமதியைப் பார்க்காமல் எந்தப் போட்டிக்கும் அனுப்புவதில்லை.

திருச்சூர் மாவட்டத்து மரோட்டிச்சால் என்ற ஊரைப் பற்றிப் பலர் கேட்பதுண்டு. குடியில் மூழ்கியிருந்த அந்த மலையடிவார ஊரில் உண்ணிகிருஷ்ணன் என்ற சாயாக்கடைக்காரர் சதுரங்கம் சொல்லிக்கொடுத்து ஊரையே ஆட வைத்தவர். நாங்கள் ஒரு ஞாயிறு போய் அவர் கடையில் உட்கார்ந்து ஆடி வந்தோம். திரும்பும் வழியில் எங்கள் கள் இறக்கும் அண்ணன் நெடுநேரம் பேசாமல் வந்தார். பிறகு, "நான் இறக்குறேன், குடிக்கிறதில்லை. ஆனா என்கிட்ட வாங்கிக் குடிக்கிறவன் மாடிக்கு வரலாமே" என்றார். அந்த வாரமே கள்ளுக்கடைக்கு வரும் இருவரை அழைத்து வந்தார். ஒருவர் நின்றுவிட்டார். மற்றவர் இன்றும் வருகிறார்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது மன்றம் இரண்டாகப் பிளந்தது. உறுப்பினர்களில் ஏழு பேர் வேலந்தாவளத்துக்கு அப்பால், தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பவர்கள். சோதனைச்சாவடி மூடப்பட்டு, நுழைவுச்சீட்டு இல்லாமல் எந்தப் பக்கமும் போக முடியாத நிலை. இளைஞர்கள் இணையத்துக்குப் போனார்கள். தையற்கார அண்ணனிடம் இருந்தது பட்டன் போன். அந்தப் பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற தபால்காரரோடு அவர் நாளுக்கு ஒரு நகர்வு என்று ஆடினார். மாலை ஏழு மணிக்கு இவர் அழைத்துத் தம் நகர்வைச் சொல்வார், அவர் யோசித்து ஏழரைக்குத் திரும்ப அழைப்பார். இந்த இருவருக்கும் இடையே யானையும் தேரும் மாறிப் போகாமல் இருக்கக் கட்டங்களின் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டார்கள். அதிலும் ஒரு தடங்கல் வந்தது. பதினோராவது நகர்வில் இவர் "பி-5" என்று சொன்னது அங்கே "டி-5" என்று கேட்டுவிட்டது. நான்கு நாட்கள் இருவரும் வெவ்வேறு நிலையை வைத்துக்கொண்டு யோசித்திருக்கிறார்கள். ஐந்தாம் நாள், இல்லாத குதிரையை அவர் வெட்டியபோதுதான் தெரிந்தது. அதன் பிறகு பி என்றால் பம்பாய், டி என்றால் டில்லி, ஈ என்றால் ஈரோடு, ஜி என்றால் ஜிலேபி என்று வைத்துக்கொண்டார்கள். ஆட்டம் முப்பத்தெட்டு நகர்வுகளில் ஜூன் முதல் வாரம் சமநிலையில் முடிந்தது. எல்லை திறந்ததும் இருவரும் மாடிக்கு வந்து, முகக்கவசத்தோடு எதிரெதிரே உட்கார்ந்து, அந்த ஆட்டத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். சமநிலை ஆட்டத்தில் யார் முதலில் பேசுவது என்பதற்கு எங்களிடம் விதி இல்லை. அன்று தபால்காரர் பேசினார்.

சேர விரும்புவோருக்கு நடைமுறை விவரம்: திங்கள் விடுமுறை, மற்ற நாட்களில் மாலை ஆறரை முதல் ஒன்பது, ஞாயிறு காலை பத்து முதல் ஒன்று வரை குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் முன்னுரிமை. சொந்தக் காய்கள் தேவையில்லை. நகர்வுகளைக் குறிக்க ஒரு நோட்டும் பேனாவும் போதும். படிக்கட்டு செங்குத்தானது, முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ்த்தளத்திலேயே இரண்டு பலகைகளில் ஆடலாம். அந்த ஏற்பாட்டைக் கள் இறக்கும் அண்ணனுக்காகத்தான் செய்தோம். மரம் ஏறுவதை நிறுத்தி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. முழங்கால் தேய்ந்துவிட்டது. ஆனாலும் மாடிச் சாவி அவரிடம்தான் இருக்கிறது. ஆறு மணிக்கே வந்து, வழியில் போகும் ஏதாவது ஒரு பையனைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்து மேலே அனுப்பிவிட்டு, கீழே மேற்குப் பக்கத்துப் பலகையில் காய்களை அடுக்கி வைத்து, யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார்.